சங்கத் திரையில் அணையாத சிவப்பு

என் அன்புக்குரிய அண்ணை,

இன்று காலை எழுந்ததும், தேத்தண்ணிகூட வைக்காமல், மீனவர் சங்கக் கட்டடத்துக்குப் போய்ச் சுவரில் இருக்கும் கொம்பியூட்டர் திரையைத் துடைத்தேன். தொண்டைமானாற்றின் உப்புக்காற்று ஒரு கிழமைக்குள் கண்ணாடியை மங்கவைத்துவிடுகிறது. துடைக்கத் துடைக்க உங்கள் படகின் பெயர் தெளிந்து வந்தது. பக்கத்தில் "கடலில்" என்று இருந்தது. திரையின் மேற்பட்டை சிவப்பாகவே நின்றது.

போன மாரியில் நீங்கள் கடலுக்குப் போனதிலிருந்து அது அணையவில்லை. நீங்களும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. உங்களை இறந்தவராக நினைத்து நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபிக்காதீர்கள்.

நாங்கள் இருவரும் இந்தத் திரைக்கான புரோகிராமை எழுதியது நினைவிருக்கிறதா? உடுப்பிட்டி வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிப்பதை முதலில் கேலிதான் செய்தீர்கள். "உந்தக் கொம்பியூட்டருக்கு வலை இழுக்கத் தெரியுமோ பிள்ளை?" பிறகு நீங்களே வந்து, கடலில் யார் நிற்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரிய ஏதாவது செய் என்றீர்கள்.

ஒரு படகு புறப்படும்போது புரோகிராமில் கொன்ஸ்ரக்டர் என்ற ஆக்கும் பகுதி ஓடும். பெயர், ஓட்டி, திரும்பும் நேரம் எல்லாவற்றோடும் திரையில் ஒரு படகு பிறக்கும். திரும்பியதும் டிஸ்ரக்டர் என்ற நீக்கும் பகுதி ஓடும். "கரை சேர்ந்தது" என்று பதிந்துவிட்டு அந்தப் படகை எடுத்துவிடும். நேரம் கடந்தும் ஒரு படகு வராவிட்டால் மேற்பட்டை சிவக்கும்.

வராமலே போனால் டிஸ்ரக்டர் என்ன எழுதுவது என்று கேட்டேன். உங்கள் முகம் மாறிவிட்டது.

"கடலுக்கு வெளிக்கிடுறவனுக்கு முன்னாலை 'வராட்டி' எண்ட சொல்லையே எங்கடை ஆக்கள் எடுக்கிறேல்லை. நீ அதை எழுதி வேறை வைக்கப் போறியோ? விடு பிள்ளை."

விட்டுவிட்டேன். அதனால் எங்கள் படகுகளுக்கு ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது: "கரை சேர்ந்தது."

போன கிழமை உங்களோடு படித்த குமாரண்ணையின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. அவர் வரவேண்டிய நேரம் கடந்ததும் திரை தன் வேலையைச் செய்தது. ஆனால் அது ஏற்கெனவே சிவப்பு. சங்கத்தில் இருந்தவர்கள் ஒருமுறை பார்த்து, அது உங்களுக்கான சிவப்பு என்று நினைத்து, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். குமாரண்ணையும் மருமகனும் விடியும்வரை அலைந்திருக்கிறார்கள். பருத்தித்துறைப் பக்கத்துப் படகொன்று கண்டு இழுத்து வந்தது. காணாமல் விட்டிருந்தால்?

அடுத்த நாள் செயலாளர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பிள்ளை, அண்ணையின்ரை பேரை எடுத்துவிடு. உன்னைத் தவிர வேறை ஒருத்தருக்கும் உது செய்யத் தெரியாது."

உங்கள் வீட்டுக்கு, மச்சாளிடம் போனேன். இன்னும் பொட்டு வைக்கிறார், அண்ணை. உங்களுக்காக ஒரு கோப்பை கவிழ்க்காமல் வைத்திருக்கிறார். நான் சொல்லி முடிக்கும்வரை மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எடன். எடுத்தா உந்தத் திரை என்ன சொல்லும்?"

"கரை சேர்ந்தது எண்டு."

சிரித்தார். "அப்ப வீட்டை வரச் சொல்லு. குழம்பு கொதிக்குது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று வகுப்பிலும் இதே பாடம்தான். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். "ரீச்சர், கொன்ஸ்ரக்டர் எத்தினையும் எழுதலாம் எண்டியள். டிஸ்ரக்டர் மட்டும் ஏன் ஒண்டு?"

"அதுக்கு வெளியிலையிருந்து ஒரு தகவலும் குடுக்கேலாது. அதாலை ஒண்டுதான்."

"அப்ப என்ன நடந்தது எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த ஒப்ஜெக்ட், திரையிலை ஒரு படகு மாதிரி, தனக்குள்ளை வைச்சிருக்கிறதைப் பாத்துத்தான்."

சொல்லிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை நாளும் உங்கள் படகு சொல்வதற்கு "கரை சேர்ந்தது" என்ற பொய்யை மட்டுமே நான் வைத்திருந்திருக்கிறேன். தனக்கு நடந்ததைத் தானே வைத்திருக்க அதற்கு ஓர் இடம் கொடுத்தேனா? நீங்கள் வேண்டாம் என்ற அந்த இடத்தை?

வருகிற வெள்ளிக்கிழமை, படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்போது, அந்த இடத்தை எழுதப்போகிறேன். வந்ததா, வரவில்லையா என்று ஒவ்வொரு படகும் தனக்குள் வைத்திருக்கும். டிஸ்ரக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதும். பிறகு உங்கள் படகை நானே எடுப்பேன். "கரை சேரவில்லை" என்று அது பதியும். எழுத்து வரும்போது பக்கத்தில் நிற்பேன், முகத்தைத் திருப்பமாட்டேன். சிவப்பு அணையும். இனி அது எரிகிற அன்று யாராவது கடலைப் பார்த்து ஓடவேண்டும் அல்லவா?

செயலாளருக்குச் சொல்லவில்லை. மச்சாளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எப்படியும் அவர் திரையில் பார்க்குமுன் நான் போய் அந்த அடுப்படியில் இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் சொல்லை முதன்முதலாக மீறப்போகும்,
உங்கள் தங்கச்சி