இடது மணிக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு நோயாளிகள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்க மாட்டேன் என்று உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் பத்து தடவை" என்றேன். என்னைத் திட்டிக்கொண்டே பத்தும் செய்தார். பிசியோதெரபியில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் கற்றது இதுதான்: இரக்கம் காட்டினால் மூட்டு இறுகிவிடும்.

மகளுக்கும் அதே வைத்தியம்தான். அவள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு மாதம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம் — அழக்கூடாது. முதல் வாரம் அவருடைய பழைய சட்டையைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். பிடுங்கித் தரை துடைக்கப் போட்டேன். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" பத்து வயசு. உலகம் என்ன மடியில் வைத்துக் கொஞ்சவா போகிறது?

இன்று வகுப்பாசிரியை ஃபோனில், "உங்க பொண்ணுக்கு வயசுக்கு மீறின பக்குவம்" என்றார். மனசு குளிர்ந்தது.

மார்ச் 6

சாப்பிடும்போது இடது கையை மடியிலேயே வைத்திருந்தாள். "தட்டைப் பிடிச்சுக்கிட்டு சாப்பிடு" என்று மூன்று முறை சொன்னேன். கேட்கவில்லை. திமிர். அப்பன் புத்தி. முதுகில் ஒன்று போட்டேன். அழவில்லை.

மார்ச் 10, திங்கள்

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பையைத் தூக்கும்போது மயங்கி விழுந்தாளாம். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இன்று ஆனதில்லை. போன புதன்கிழமை பள்ளி மாடிப்படியில் விழுந்ததில் ஆனது.

ஐந்து நாள். முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். நான் முதுகில் போட்டேனே, அன்றும் அது உடைந்துதான் இருந்திருக்கிறது.

எலும்பு டாக்டர் என்னோடு வருஷக்கணக்காக டீ குடிப்பவர். "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று அவளைக் கேட்டார்.

"சொன்னா, 'இதுக்கெல்லாமா'ன்னு கேப்பாங்க."

"யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை. குனிந்து என்னவோ எழுதினார்.

நாள் முழுக்க ஊரார் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறவள் நான். பெத்த பிள்ளையோடது வீங்கிக் கறுத்துக் கிடக்கு, கண்ணுக்குத் தெரியல. நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 11

அக்கா வந்தாள். மாவுக்கட்டைப் பார்த்ததும் அடுக்களைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "போனவன்கிட்ட காட்டத் துப்பில்லாத கோவத்த பிள்ளைகிட்ட காட்டிட்டு, அதுக்கு தைரியம்னு பேரு வேற வச்சிருக்க."

"நான் போய் அழ யாரு இருந்தா?" என்றேன்.

"நான் இருந்தேன்டி. நீதான் ஃபோனையே எடுக்கல."



மார்ச் 19

பக்கத்தில் உட்கார்ந்து, "வலிச்சா அழுடா கண்ணு, அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "பழகிடுச்சும்மா."

நான் நடத்திய பாடத்தில் நூற்றுக்கு நூறு.

மார்ச் 23

இன்று நான்தான் உடைந்து அழுதேன், அவள் முன்னாலேயே. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

ஏப்ரல் 15

கட்டைப் பிரித்தார்கள். தாமதமாகக் கட்டியதால் மணிக்கட்டு பாதிதான் மடங்குகிறது. தினமும் பயிற்சி வேண்டும்.

"அம்மா பாத்துக்கறேன்" என்றேன்.

"வேணாம். அந்த அக்கா செய்யட்டும்." எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் காட்டினாள். என் பிரிவில், எல்லார் முன்னாலும். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 17

திரைக்கு வெளியே நின்றிருந்தேன்.

"வலிக்குது! விடுங்கக்கா, வலிக்குது!"

"விட்டுட்டேன்மா. எங்க வலிக்குது, காட்டு."

அவ்வளவுதான், வீறிட்டாள். கைவலிக்கு அவ்வளவு அழுகை வராது, எனக்குத் தெரியாதா? நடுவே "அப்பா" என்றும் கேட்டது. என் கை திரையைப் பிடித்துவிட்டது. விலக்கவில்லை. நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள் — என் பிள்ளை, என் குரலைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

அழுது முடியும்வரை நின்றேன். இரண்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். இருக்கட்டும்.

ஏப்ரல் 24

காலையில், "வயிறு வலிக்குதும்மா" என்றாள். தானாக.

உண்மையா பொய்யா என்று துருவவில்லை. இரண்டு பேருக்கும் லீவு சொன்னேன். போர்வைக்குள் சுருண்டு டிவி பார்த்தாள். மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டாள். கேட்கவில்லை.

நாலு மணிக்கு, திரும்பாமலே, "நாளைக்கும் வலிச்சா?" என்றாள்.

"சொல்லு."

டிவியில் சேனலை மாற்றினாள்.

"பாக்கலாம்" என்றாள்.