மூன்று கட்சிக்கும் கேட்ட மணி

பாஸ்ஸே
ஞாயிறு

அன்பு மகள் எல்ஃப்ரீடாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடச் சாவடிக்கு நானே தலைமை அலுவலர். ஒரு வேடிக்கை கேள். மீன் விற்கும் ஜைனபா, சீட்டுக்குப் பதில் நாம் போடும் ஓட்டுக் கோலியோடு, வேட்பாளருக்கு ஒன்றாக டிரம்கள் வைத்திருக்கும் மறைப்புக்குப் பின்னால் போய்த் திரும்பினாள். கோலி விழுந்தால் டிரம்முக்குள் அடிக்கும் மணி அடிக்கவில்லை. ஒளித்துக்கொண்டாள் என்று நினைத்து, "கையைக் காட்டு" என்றேன்.

"மணி அடிச்சுதே டீச்சரம்மா! சந்தைவரைக்கும் கேட்டிருக்கும்!"

காலையிலிருந்து எதற்கெடுத்தாலும் சண்டை போட்ட மூன்று வேட்பாளர்களின் முகவர்களும் ஒரே குரலில், "எங்களுக்குக் கேட்டுச்சு" என்றார்கள்.

எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கம்மா, மூணு கட்சியையும் ஒண்ணு சேத்துட்டீங்களே!" என்று சிரித்தாள்.

நீ வாங்கித் தந்த காதுக் கருவியை நான் பாஞ்சூலில் உன் வீட்டிலேயே விட்டுவந்தேன்; உன் அப்பாவின் பைபிளுக்குப் பின்னால் பிரிக்காமல் இருக்கிறது. பேட்டரியும் வைத்து அனுப்பு. ஃபோனில் முணுமுணுக்கிறாய் என்று உன்னை எத்தனை முறை திட்டினேன்! நீ ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறாய், கண்ணே. கருவி வந்த அன்றே கூப்பிடு. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்.

பாஞ்சூல் பஸ் கிளம்புகிறது. இதைக் கண்டக்டரிடம் கொடுக்க ஓடுகிறேன்.

அம்மா