குடி என்ற நிரல்

11.01.2005, செவ்வாய்

காலையிலேயே மின்சாரம் வந்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி. மம்மியும் நானும் எங்கள் கூரையும் தப்பியதற்கு இன்னும் தினம் ஒருமுறை நன்றி சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

சுனாமியில் தொலைந்தவர்களைத் தேட நான் எழுதிய புரோகிராமில் இன்று ஒரு குறை தெரிந்தது. முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எழுதி டிஸ்க்கில் வரும் விபரங்களை (பெயர், வயது, ஊர்) இங்கே யாரும் மாற்றக்கூடாது, பார்க்க மட்டும்தான். அந்த நிரல்களை, மேலிருந்து கீழே ஓடும் அந்தக் கட்ட வரிசைகளை, பூட்டியிருக்கிறேன். ஆனால் எது பூட்டியது, எது திறந்தது என்று திரையில் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை. தட்டெழுதும் பாலசுந்தரி பூட்டிய கட்டத்தில் கால்மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்தக் கொம்பியூட்டருக்குக் காது கேக்காதா?" என்றாள். பூட்டியவற்றுக்குச் சாம்பல் நிறம் அடித்தேன்.

சுந்தரி பனிச்சங்கேணிக்காரி. அவள் தம்பி விஜிதரன் கல்லாற்றுக்குக் கரைவலை இழுக்கப் போனவன். கடல் வந்த நாளிலிருந்து தகவல் இல்லை. பட்டியலை ஊருக்காகத் தட்டுகிறாள், தம்பிக்காக வாசிக்கிறாள்.

12.01.2005

காலையில் சுந்தரி ஒன்றும் தட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னகா?"

"ஆக்கள்ற பேருக்கு மேல சாம்பல அள்ளிப் போட்டிருக்கிறீங்களே, மிஸ்."

எனக்கு அது வெறும் கொம்பியூட்டர் நிறம். பூட்டிய இடத்துக்கு எல்லோரும் அதைத்தான் அடிப்பார்கள். எங்களுக்கு நெற்றியில் சாம்பல் பூசும் விபூதிப் புதன் வருஷத்தில் ஒரு நாள். இவளுக்குப் பதினெட்டு நாளாக அதுதான். இளமஞ்சளாக மாற்றினேன். "இப்ப நல்லம்" என்றாள். சொல்லித் தந்தாளே, அவளுக்குப் புண்ணியம்.

13.01.2005

விஜிதரன் என்ற பெயரில் மூன்று பேர். ஒருவனும் சுந்தரியின் அப்பா வேலப்போடியின் மகன் இல்லை.

14.01.2005, வெள்ளி

தைப்பொங்கல். யாரும் பொங்கவில்லை.

முகாம் முகாமாகப் போய் விபரம் எழுதும் நல்லரத்தினம் ஐயா புது டிஸ்க்கோடு வந்தார். முன்பு கிராமசேவகராக இருந்தவர். திரையைப் பார்த்தார்.

"குடியக் காணல்லையே, மகள்? ஒவ்வொரு ஆளிட்டயும் கேட்டு எழுதின நான்."

ஓம், அந்த நிரலை முதல் நாளே மறைத்துவிட்டேன் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். குற்றுயிராய்க் கிடக்கும் சனத்திடம் குடிப்பாயா என்று கேட்பது என்ன மரியாதை? பறங்கி வீட்டுப் பெண்ணுக்குக் குடி என்றால் டடியின் போத்தல்தான் ஞாபகம் வரும்.

மனுசன் கதிரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "போத்தல் குடி இல்ல, மகள். தாய் வழியா வாற குடி. ஆள் ஊர மாத்தலாம், பேர மாத்தலாம். தாய்ர குடிய மாத்தேலுமா?"

கோயில் திருவிழாவைக் குடி குடியாகப் பிரித்துச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அதுதான் என்று தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷம் இந்த மட்டக்களப்பில் என்னத்தைக் கிழித்தேன்?

புரோகிராமில் ஒரு சொல்லை மாற்றியதும் நிரல் வெளியே வந்தது. பூட்டி, மஞ்சள் அடித்தேன். சுந்தரி தன் குடியைத் தேடினாள். பதினாறு வரி வந்தது. பன்னிரண்டாவதில் அவள் விரல் நின்றது.

பெயர் தெரியாது. ஆண். வயது 25 மதிக்கலாம். கல்லாறு. பணிக்கனார் குடி. அம்பாறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்.

ஐயாவுக்கு அவனை ஞாபகம் இருந்தது. "தாடை உடைஞ்சி கதைக்க ஏலாம கிடந்தான். நான் குடிகள்ற பேர ஒவ்வொண்டாச் சொல்லிக்கிட்டு வந்தன். இதுக்குத் தலைய ஆட்டினான். மறுகா ஊர்ப் பேரக் கேக்கக்குள்ள மயங்கிக் கண்ண மூடிட்டான். கிடந்த இடத்தத்தான் ஊரெண்டு எழுதின நான்."

அந்தக் குடியில் கல்லாற்றிலும் ஆட்கள் உண்டு என்றும் சொன்னார். சுந்தரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

15.01.2005

இருவரும் விடிய அம்பாறைக்குப் போனார்கள்.

அந்த வரி நாலாம் திகதியே வந்துவிட்டது. பத்து நாள்! பக்கத்தில இருந்து அந்தப் பிள்ளை ஒவ்வொரு பேராத் தேடினது. நான் மறைச்சு வச்சன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல்ல நான்? மரியாதையாம் மரியாதை.

இந்தப் பத்து நாளில் அவன் செத்திருந்தால்?

16.01.2005, ஞாயிறு

பூசைக்குப் போனேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. தகவல் இல்லை.

17.01.2005

பத்தரைக்குத் தொலைபேசி. நல்லரத்தினம் ஐயாவின் குரல், இரைச்சலுக்குள். "அவன்தான், மகள். தாடைக்குக் கம்பி போட்டிருக்கு. அக்காவக் கண்டதும் அழுறான், வாயத்தான் திறக்க ஏலாது."

மேசையில் தலையை வைத்து நன்றாக அழுதேன். நன்றி, நன்றி, நன்றி. கடவுளுக்கும், மறைத்தாலும் அழியாமல் உள்ளே கிடந்த அந்த வரிக்கும், ஆளைக் கண்டதும் குடி கேட்கிற அந்த மனுசனுக்கும்.

24.01.2005, திங்கள்

சுந்தரி வேலைக்குத் திரும்பினாள். பத்து நாளைப் பற்றி நானே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"பாலும் கஞ்சியும் குழாயால குடிக்கிறான், மிஸ். இப்ப அவனுக்கு நீங்க சொன்ன குடிதான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு அவள், "அந்தப் பன்னெண்டாவது ஆள்ற பேர் நிரல ஒருக்காத் திறந்து விடுவீங்களா?" என்று கேட்டாள்.

திறந்துவிட்டேன். மஞ்சள் போய் அந்தக் கட்டம் வெள்ளையானது. 'பெயர் தெரியாது' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நிமிஷத்துக்கு நாற்பது சொல் அடிப்பவள், இதை ஒற்றை விரலால் அடித்தாள். வேலப்போடி விஜிதரன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்தாள்.

"இனிப் பூட்டுங்க, மிஸ்" என்றாள்.