ஊதல் அளவு நூற்று நான்கு

மார்ச் 4, காலை 6.10. ஊதல் அளவு 81

நிலா, தென்முனை, மூன்றாம் நிலையம். புழுதி அறையில் பதினான்கு உடுப்பு தட்டினேன். இரண்டு பிரஷ் தேய்ந்தது. கதவு சரி. விசிறி சரி. நான்தான் சரியில்லை.

பெயர் சிந்தாமணி. வயது ஐம்பத்தாறு. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மட்டம். வெளியே பனிக்கட்டி தோண்டிவிட்டு வரும் ஆம்பிளைகளின் உடுப்பிலிருந்து நிலாப் புழுதியைத் தட்டி அவர்களை உள்ளே விடுவது என் வேலை. இரண்டு வாரமாக ஏழாவது உடுப்பிலேயே மூச்சு இரைக்கிறது. பூமியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் நிரஞ்சனிடம் சொன்னேன். தினமும் குழாயில் ஊதி அளவு எடு, நாட்குறிப்பு எழுது என்றார். நல்ல நெஞ்சுக்கு நூறு வருமாம். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. கையில் கிடைத்த நீங்களாவது படியுங்கள்.

மார்ச் 25, காலை 6.20. அளவு 79

பதில் வந்துவிட்டது. நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே ஒளிக்கு ஒன்றேகால் நொடி. டாக்டருக்கு மூன்று வாரம்.

"உங்கள் வயதில் இது இயல்பு. உடல் எடையைக் குறைத்தால் மூச்சு சீராகும்."

இங்கே என் எடை பதினோரு கிலோ. இதற்கும் கீழே என்றால் பூனையாகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

வெளியே தோண்டிக்கொண்டிருந்த சூசை ரேடியோவில் வந்தான். பக்கத்து ஊர்ப் பையன், நாற்பது வயது, வாயும் நெஞ்சும் பெரிசு.

"யக்கா, டாக்டரு என்ன சொன்னாரு?"

"எடையக் குறைக்கணுமாம்லே."

"இன்னும் குறைச்சா பறந்துருவியளே."

"பறந்து போயி அவரு மண்டையில உக்காருதேன்."

ஏப்ரல் 30, காலை 6.15. அளவு 70

இப்போது மனப்பதற்றமாம். கடல் அலைச் சத்தம் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார், தூங்கும்முன் கேட்க வேண்டுமாம். நான் பிறந்தது கடற்கரையில். அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் அப்பாவின் படகு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இதுவரை பதற்றம் இல்லை. கேட்டபின் வந்துவிட்டது.

வேலையை மாற்றித் தரும்படி மேற்பார்வையாளர் வரதனிடம் ஒலிபெருக்கியில் கேட்டேன்.

"நோய்னு டாக்டர் எழுதித் தந்தாதான் மாத்த முடியும், சிந்தாமணி. வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும். எங்க அத்தைக்கும் இப்படித்தான்."

"உங்க அத்தையும் தெனம் பதினாலு உடுப்பு தட்டுனாங்களா சார்?"

ஒலிபெருக்கி அணைந்துவிட்டது.

ஜூன் 12, காலை 6.40. அளவு 61

வயிற்றுப் புளிப்பு மேலேறி நெஞ்சைத் தொடுகிறதாம். மாத்திரை. நுரையீரல் நிபுணரைப் பார்க்க அக்டோபரில் இடம். வயது, எடை, மனசு, வயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனிக் கால் கட்டைவிரல்தான் பாக்கி. நுரையீரலைப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கப்பல் செப்டம்பர் இருபதில் ஊருக்குக் கிளம்புகிறது. அதை விட்டால் இரண்டு வருஷம். அதுவரை இந்த நெஞ்சு தாங்காது. ஊருக்குப் போய் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஆனால் பூமியில் இறங்கும்போது உடம்பு ஊரில் இருக்கும் எடையைப்போல் நாலு மடங்கு கனக்கும். அதனால் அளவு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஏற்ற மாட்டார்கள். ஐம்பதிலிருந்து அறுபது என்றால் ஆக்சிஜன் குடுவையோடு ஏறலாம். கப்பலில் குடுவை ஒன்றுதான். அளவு யாருக்குக் குறைவோ அவருக்கு.

ஆகஸ்ட் 8, பகல் 1.05. அளவு 52

சூசை வருடாந்தரப் பரிசோதனை முடித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"யக்கா, புழுதிக் கேள்வி மட்டும் ரெண்டு பக்கம். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி. ஒங்களுக்கு எத்தன பக்கம்?"

"எனக்கு ஒரு கேள்வியும் வரலையேலே."

கேள்வி கேட்டுப் பதிலை டாக்டருக்கு அனுப்பும் வைத்தியப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வி: நீங்கள் நிலையத்துக்கு வெளியே வேலை செய்பவரா? எப்போதும் 'இல்லை' என்றுதான் சொல்வேன். உண்மைதானே, ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வாசல் தாண்டியதில்லை. 'இல்லை' என்றதும் பெட்டி புழுதிப் பக்கத்தையே திறக்காமல் நேரே எடைக்குத் தாவிவிடுகிறது. வெளியே போகிறவன் கண்ணாடிக் கூண்டுக்குள் மூச்சு விடுகிறான். அவன் கொண்டுவரும் புழுதியை வெறும் மூக்கோடு தட்டுகிறவள் நான். வெடித்த ஓலைவெடி வாசம் அடிக்கும். முகமூடிகூட வெளியே போகிறவனுக்குத்தான்.

இன்று 'ஆம்' என்றேன்.

ஆகஸ்ட் 9, காலை 9.30. அளவு 52

ஐந்து மாதம் ஆகாதது ஒரே நாளில் ஆகிவிட்டது.

"நிலாப் புழுதியால் நுரையீரலில் தழும்பு. ஆரம்பத்திலேயே தெரிவித்திருந்தால் தடுத்திருக்கலாம்."

ஆரம்பத்திலேயே தெரிவித்தவள் நான், டாக்டர். எடையைக் குறைக்கச் சொன்னவர் நீங்கள். என்னைச் சமையலறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நெஞ்சுக்குள் போனதை யார் தட்டி எடுப்பது என்று எழுதவில்லை.

செப்டம்பர் 19, மாலை 5.00. அளவு 44

கப்பல் வந்து நிற்கிறது. எனக்கு ஆறு குறைவு.

சூசை ஒரு வழி சொன்னான். பெட்டி என் கட்டைவிரலைத்தான் பார்க்கும், வாயைப் பார்க்காது. விரலை நான் வைக்க, குழாயை அவன் ஊதுவான். ஐம்பத்திரண்டு போதும். ஏறவும் ஏறலாம், குடுவையும் கிடைக்கும். "மெதுவா ஊதணும்லே" என்று ஏழு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 20, காலை 7.00. அளவு 104

பாவி ஊதிவிட்டான். பத்து வருஷமாக நிலையத்திலேயே பெரிய நெஞ்சு என்று பேர் வாங்கியவன். குழாயை வாயில் வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நூற்று நான்குக்கு ஏறலாம், குடுவை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு ஊதல்தான் பெட்டி ஏற்கும். கப்பல் மாலை கிளம்புகிறது.

வெளியே வேலைக்குப் போன பிறகும் ரேடியோவில் அழுகிறான். "மன்னிச்சிருங்கக்கா, பழக்கதோசம்."

"நல்ல நெஞ்சுலே ஒனக்கு. பத்திரமா வச்சுக்க" என்றேன்.

அதே நாள், பகல் 11.45

மூன்று வாரக்காரர் மூன்று மணி நேரத்தில் பதில் போட்டிருக்கிறார்.

"வாழ்த்துகள். இந்த வயதில் 104 அபூர்வம். புழுதி நோய் என்ற முடிவை ரத்து செய்கிறேன். முன்பே சொன்னதுபோல் இது மனப்பதற்றமே."

சிரித்தேன். அது நிற்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

எப்படியும் ஏறுகிறேன். இங்கே கிடந்து இவர்கள் அனுப்பும் அலைச் சத்தத்தைக் கேட்டுச் சாவதற்கு அது மேல்.

செப்டம்பர் 22, மாலை 4.20

விமானியிடம் உண்மையைச் சொன்னேன்.

"தம்பி, அது என் மூச்சு இல்லப்பா. சூசையோடது. எனக்கு நாப்பத்தி நாலுதான்."

"அம்மா, நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நோய் இருக்கிறதா நெனச்சுக்குவாங்க, அன்பா பேசுங்க, ஆக்சிஜன் குடுத்துப் பழக்காதீங்கன்னு."

"ஒரு குழாய் குடு. ஊதிக் காட்டுதேன்."

"கப்பல்ல ஏதும்மா குழாய்? கண்ணை மூடிக் கடலை நெனச்சுக்கங்க."

அன்பாகத்தான் பேசினான். அதுதான் தாங்கவில்லை.

குடுவை வரதனுக்கு. லீவில் வருகிறார். சளி. அளவு 58. எதிர் இருக்கை.

செப்டம்பர் 23, காலை 10.02

கனம் ஏறுகிறது. பதினோரு கிலோவாக இருந்தவள். இப்போது அறுபத்தாறு. இன்னும் ஏறுமாம்.

10.04

விரல் கனக்கிறது. பேச்சு வரவில்லை. தலைக்கூண்டு வேறு. வரதன் குடுவையை மடியில் வைத்திருக்கிறார். மூடிகூடத் திறக்கவில்லை.

10.05

நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. நாலு பேர். டாக்டர் ஒருத்தர்

10.06

வரதனைப் பார்த்துக் கை நீட்டினேன். குடுவையைக் காட்டி.

பார்த்துவிட்டார்

சிரிக்கிறார்

டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவரும் கை ஆட்டுகி