மூட்டுக்கு இரண்டு, பட்டைக்கு ஒன்று

ஜனவரி 20, 2025

இல்லை, டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அசையாததை அசைக்கிறவள். பஸ்ஸில் அவ்வளவுதான் சொல்ல வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிசியோதெரபி என்று சொல்லியிருக்கலாம். சிதம்பரத்தில் நான்கு வருடம் படித்தது அதைத்தானே.

கடலூரில் பயிற்சி, முதல் நாள். முதல் ஆள் சுப்புராயன், ஐம்பத்திரண்டு வயது. திருவந்திபுரம் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கி. புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பவர். வலது தோள் இறுகி ஐந்து மாதம். சர்க்கரையும் உண்டு. வாகனத்தைத் தூக்கும் தண்டு தோளில் அமர்ந்ததும் கை பக்கவாட்டில் உயர்ந்து, மேலாகச் சுற்றி அதைப் பிடிக்க வேண்டும். இப்போது தலைகூட வார முடியவில்லை.

சித்திரை கருட சேவைக்குள் கை எழும்பாவிட்டால் முன்தண்டில் அவர் இடம் மச்சான் இளவரசுக்குப் போகும். இருபத்தாறு வருட இடம்.

"எத்தினி நாள்ல ஆவும்மா?"

மூன்று மாதம் என்றேன். யார் கொடுத்த தைரியம் எனக்கு?

ஜனவரி 24

மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் குழியோ குழியே இல்லை. சோடா மூடிமேல் எலுமிச்சம்பழம். இடுப்பு மூட்டைப் போல ஆழமாக இருந்தால் உறுதி கிடைத்திருக்கும், வீச்சு போயிருக்கும்.

இன்னொன்று. கையை உடம்போடு எலும்பாக இணைப்பது காறை எலும்பு மட்டும்தான். மார்பெலும்பில் ஒரு முனை, தோள்பட்டையில் மறு முனை. சுண்டுவிரல் தடிமன். மற்றதெல்லாம் தசை. அவர் பெருமாளைச் சுமந்தது இதன் அருகில்தான். அங்கே தோல் காய்த்து, உருண்டையாகப் புடைத்திருக்கிறது.

பிப்ரவரி 17

நூற்று நான்கு டிகிரி!

தொடங்கும்போது நாற்பத்தைந்து. கோணமானியை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். அவர் நம்பவில்லை, நானும்தான். துணைக்கு வந்திருந்த இளவரசு முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பாவுக்கு போன் செய்தேன். குமராட்சி மினிபஸ்ஸை ஓரம்கட்டிவிட்டுப் பேசினார். எண் புரியவில்லை. ஆனாலும் கண்டக்டரிடம் சொல்வது கேட்டது: "எம்பொண்ணு ஒருத்தர் கைய தூக்க வெச்சிடுச்சிப்பா."

பிப்ரவரி 18

எழுதவே பிடிக்கவில்லை.

துறைத் தலைவர் ஞானசேகரன் சார் வந்தார். நான் பெருமையாக அளந்து காட்டினேன். சார் சுப்புராயனின் முதுகுப்பக்கம் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றார்.

ஐம்பத்தெட்டு.

கை முழுதாக உயரும்போது மூட்டுக்கு இரண்டு பங்கு, பட்டைக்கு ஒரு பங்கு. முதல் வருடப் பாடம். மூட்டு அசையாதபோது பட்டை, வேலை முழுவதையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறது. அதுவும் இவருடைய பட்டை! தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் நொடியில் ஏறிக் கொடுத்துச் சமன்செய்யப் பழகியது. நான் அளந்தது குணமானதை அல்ல. அவர் தொழிலை.

துண்டை நான் ஏன் எடுக்கச் சொல்லவில்லை? வெற்றுத் தோளோடு ஊர் முழுக்கச் சுற்றுகிறவர், என் முன்னால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். சின்னப் பெண் என்று அவருக்குக் கூச்சம். பெரியவர் என்று எனக்கு. ஒரு மாதம், இரண்டு கூச்சங்கள், நடுவில் ஒரு துண்டு.

சார் திட்டவில்லை. "அவருகிட்ட நீயே சொல்லு" என்று போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன்.

அவர் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். "நாப்பத்தாறு டிகிரி ஒரே ராத்திரில எங்கம்மா போச்சி?"

"எங்கயும் போல ஐயா. இருந்ததே இல்ல. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இளவரசுதான் சிரித்தான்: "பெருமாளத் தூக்கனவரு துண்டத் தூக்க வெக்கப்பட்டாராம். ஏன் மாமா?"

"வாய மூட்றா மச்சான்" என்றார். இடது கையால் துண்டை உருவி அவன் மடியில் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பிப்ரவரி 26

தினமும் இதுதான். வெந்நீர் ஒத்தடம். ஒரு கையால் பட்டையைப் பிடித்து நிறுத்துகிறேன். மறு கையால் பந்தை மெல்லக் கீழே தள்ளுகிறேன். பந்து கீழே வழுக்கினால்தான் கை மேலே போகும். இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். இறங்கினால்தான் ஏற்றம்.

அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார். நான் மனதில் பத்து எண்ணுகிறேன்.

மார்ச் 5

அறுபத்தாறு. உண்மையான அறுபத்தாறு.

மார்ச் 19

எண்பத்தொன்று. வீட்டில் அவர் மனைவி தைலம்மாள் பட்டையைப் பிடித்துக்கொள்ளக் கற்றுவிட்டார். என்னைவிட அழுத்தமாகப் பிடிக்கிறாராம். புகார்போல் சொன்னார், முகத்தில் புகார் இல்லை.

மார்ச் 28

ஒன்பது நாளாக அதே எண். நேற்று அழுதேன். எலும்புக்கு என்மேல் என்ன பகை?

ஏப்ரல் 9

நூற்றுப் பன்னிரண்டு. சாரை நானே கூப்பிட்டேன். முதுகுப்பக்கம் நின்று, பட்டையைப் பிடித்து, அவரே அளந்தார். "நூத்திப் பன்னெண்டு. சரி" என்றார். "சரி" என்ற சொல்லுக்கு இவ்வளவு எடையா. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

ஏப்ரல் 20

இன்று ஈஸ்டர். பூசை முடிந்து வெளியே வரும்போது இளவரசு போன் செய்தான். நேற்று வாகனத்தில் மணல் மூட்டை ஏற்றி ஒத்திகை பார்த்தார்களாம். தண்டு தோளில் அமர்ந்ததும் சுப்புராயன் கை வெளிப்பக்கமாக எழும்பி, மேலாகச் சுற்றிப் பிடித்துவிட்டது.

"மாமா தேறிட்டாரும்மா. எடம் எனக்கில்ல. உங்கமேல எனக்குக் கோவம் ஜாஸ்தி" என்று சிரித்தான்.

அம்மா, என்னடி ஆச்சு என்றாள். கோயில் வாசலில் நின்று அழுவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. பெருமாள் என்றேன். அம்மா முறைத்தாள்.

ஏப்ரல் 23

பிடிக்க முடிகிறது. பிடித்துக்கொண்டே நிற்க முடியுமா? பத்து நிமிடத்தில் தசை நடுங்குகிறது. நான் தண்டுக்குக் கீழே இருக்கப்போகிறவள் அல்ல. கை நழுவினால் சாய்வது அவர் மட்டும் அல்ல.

ஒரு வீதி மட்டும் தூக்குங்கள், பிறகு இளவரசுக்கு விடுங்கள் என்றேன்.

"பாதியில வெளிய வந்தா ஊரு சிரிக்கும்மா."

என்னை நம்பி இவ்வளவு தூரம் வந்தவரிடம் கெஞ்சவா, மிரட்டவா? தெரியவில்லை. "நான் தப்பாச் சொன்னப்பவே நம்பனீங்க. இப்ப சரியாச் சொல்றேன்" என்றேன்.

அவர் துண்டை மடித்துக்கொண்டு போனார்.

மே 5

கருட சேவை. காலையிலேயே திருவந்திபுரம் போய்விட்டேன். கூட்டத்தில் ஓரமாக நின்றேன். மேளம், தூசி, கற்பூரப் புகை. முன்தண்டில் அவர். கை தண்டின்மேல். நான் பெருமாளைப் பார்க்கவில்லை, அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயவில்லை. கருடன் குலுங்கிக் குலுங்கி வந்தது. அந்தக் குலுக்கம் முழுவதும் என் விரல்களுக்குத் தெரிந்த ஒரு மூட்டின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய இடத்தில் என் வேலை இனி நடக்குமா, தெரியாது. நடக்காவிட்டாலும் போகட்டும்.

வீதி முடியும் திருப்பத்தில் கருடன் நிற்கவில்லை. நடை மாறாமலே அவர் தலை குனிந்து வெளியே வந்தார். அதே அடியில் இளவரசு உள்ளே நுழைந்தான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

கூட்டம் அடுத்த வீதிக்குத் திரும்பியது. நான் கடலூர் பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்குப் புது ஆள்: பட்டம்மாள், வயது நாற்பது, இடது முழங்கை. அவர் ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிடச் சொல்லிவிட்டு அளந்தேன்.