மூன்று விசில்

பதினோராம் நாள், காலை 9.10

குன்று வானொலி நிலையம். எழுதுவது முனைவர் சு. பிரம்மசக்தி, தொற்றுநோய்ப் பிரிவு. மின்கலம் எழுபது சதவீதம். தண்ணீர் இருபது லிட்டர். கேஸ் அரை சிலிண்டர். உடல்நலம் சரி. மனநலத்தை விசாரிக்க இங்கே ஆள் இல்லை.

குன்றடியில் எழுந்தவர்கள் முப்பத்தொரு பேர். செத்து எழுந்தவர்களை ஊரில் ஜாம்பி என்கிறார்கள். அறிக்கையில் அப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீலச் சட்டை போட்ட பஸ் கண்டக்டர் ஒருவர் நாலு நாளாக ஒரே இடத்தில், தோள்பையோடு நிற்கிறார். கண் தெரிவதில்லை. கத்தினாலும் கைதட்டினாலும் திரும்புவதில்லை. பிறகு ஆளை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று இதுவரை தெரியவில்லை.

என் வேலை ஒன்றே ஒன்று. உயிர்காப்பு மூட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை முடித்து வானொலியில் படிப்பது. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எடை, எட்டு கிலோ.

பதினோராம் நாள், பகல் 12.40

பட்டியலைப் படித்தாகிவிட்டது. இருபத்திரண்டு வரிகள். பதினேழாவது வரி, குழுவுக்கு ஒரு மூன்று லிட்டர் குக்கர். சட்டியில் பொங்கினால் எரிபொருள் இரண்டு பங்கு ஆகும். நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சேர்த்த வரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கூடவே சொன்னவை: ரேடியோவைப் பகல் பன்னிரண்டுக்கு மட்டும் திறக்கவும், பேட்டரி மிச்சமாகும். ஒலிபரப்பு முடிந்ததும் சமைக்கவும். மூன்று விசில், உடனே அடுப்பை அணைக்கவும். உயிரோடிருக்கும் முகாம்கள் மாலையில் மாடியில் ஒரு துணி காயப்போடவும். பைனாகுலரில் இங்கிருந்து ஐந்து மாடிகள் தெரிகின்றன.

பன்னிரண்டாம் நாள், மாலை 5.00

ஐந்து துணிகள்.

வயர்லெஸ் செட் இருப்பது ஒரே ஒரு முகாமில். குன்றிலிருந்து அரை கிலோமீட்டரில் உள்ள நடுநிலைப் பள்ளி. உள்ளே நாற்பத்து மூன்று பேர். அவர்களைப் பார்த்துக்கொள்பவள் அங்கே ஆசிரியையாக இருக்கும் பொன்செல்வி. என் தங்கை. இன்று பேசினாள்:

"எக்கா, நீ சொன்னதெல்லாம் கட்டியாச்சு. எட்டு கிலோவுக்கு மேல ஒரு குண்டூசி கெடையாது. இங்க ஒரு மதினி கிரைண்டரையும் சேக்கலாமான்னு கேக்காவ. தலையில வச்சிட்டு ஓடுனா சேத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."

நெடுநாள் கழித்துச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சை மட்டும் தட்டமாட்டாள். அவள் ஒருத்தி பிழைத்தால் போதும் என்று சில நேரம் தோன்றுகிறது. அறிவியலாளர் எழுதக்கூடாத வாக்கியம். எழுதிவிட்டேன்.

பதினான்காம் நாள், மாலை 5.15

மூன்று துணிகள்தான். நேற்று ஒன்று, இன்று ஒன்று போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் கூட்டம் புகுந்தது பகல் ஒரு மணிவாக்கில்.

சோற்று வாசனையாக இருக்குமோ? காற்று கீழ்நோக்கி வீசும்போது வழக்கமான சட்டியிலேயே அரிசியை வேகவைத்து, திறந்து வைத்தேன். கண்டக்டர் அசையவில்லை.

பதினைந்தாம் நாள், பகல் 12.55

கஞ்சி அலுத்துவிட்டது. நிலையத்துக் குக்கரை இன்றுதான் எடுத்தேன், பருப்பு வைக்க.

முதல் விசிலுக்குக் கண்டக்டர் தலையைத் தூக்கினார். இரண்டாவதுக்கு முப்பத்தொரு பேரும் திரும்பினார்கள். மூன்றாவது வரவிடாமல் அணைத்துவிட்டேன்.

பகல் 1.10

விசிலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. நம் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று அந்த நீராவியின் சத்தத்தில் இருக்கிறது. கருவி அதைப் பிடிக்கவில்லை.

அந்த இரண்டு முகாம்களையும் கொன்றது நான். நேரம் குறித்துக் கொடுத்து, எண்ணிக்கையும் சொல்லிக்கொடுத்துக் கொன்றேன். திருத்தத்தை இப்போது ஒலிபரப்பினால் கேட்க ஆள் இல்லை. நாளைப் பகல் வரை யாரும் ரேடியோவைத் திறக்கமாட்டார்கள். நான்தானே சொன்னேன்.

பகல் 1.20

செல்வி: "எக்கா, இப்பதான் சோத்த எறக்குனோம். கேட்டுக்கு வெளிய எரநூறு பேரு இருக்கும். கேட்டு ஆடுது. என்ன செய்ய?"

பள்ளிக்குப் பின்னால் கடற்கழி, அதில் படகுத்துறை. கழிக்கு அப்பால் தெற்குக் கரை. சேற்றில் பிள்ளைகளை நடத்திப் போய்ப் படகைத் தள்ளி இறக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை கூட்டம் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். இங்கே விசில் அடித்தால் வரும். குக்கரை வைத்துவிட்டு நான் ஓட முடியாது. கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். குன்றுக்கு ஒரே பாதை.

விசிலைப் பற்றிச் செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் குன்றில் விசில் கேட்டதும் புரிந்துவிடும், என்னை விட்டுப் போகமாட்டாள். படகு நகர்ந்ததும் சொல்வேன். சோற்றை அப்படியே விட்டுவிட்டு மூட்டைகளோடு பின்வாசலில் கிளம்பு, எனக்கு ராணுவ வண்டி வருகிறது என்றேன். நம்பிவிட்டாள். "செட்டுல சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு, ஏறுனதும் கூப்பிடுதேன்" என்றாள்.

பகல் 2.05

ஒன்பதாவது விசில். பருப்பைக் கொட்டிவிட்டேன், வெறும் தண்ணீர்தான். காற்று இங்கிருந்து பள்ளிப் பக்கம் வீசுகிறது, சத்தம் அதோடு போகிறது போலும். கூட்டம் பள்ளியை விட்டுக் குன்றுக்குத் திரும்பிவிட்டது. பாதை நிறைய வருகிறார்கள்.

பகல் 3.00

முப்பது விசிலுக்கு மேல். எண்ணுவதை விட்டுவிட்டேன். இரும்புக் கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்திருக்கிறேன். கை வெந்துவிட்டது. பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

பகல் 3.40

செல்வி: "எக்கா, நாப்பத்து மூணு பேரும் ஏறியாச்சு! மூட்டையெல்லாம் பத்திரம். பிள்ளைக பசியில அழுவுதுக. தெக்குக் கரையில எறங்குன ஒடனே அடுப்பப் பத்தவச்சி குக்கர…"

அதோடு செட் நின்றுவிட்டது.

வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். இருபது தடவை அழைத்தேன். பதில் இல்லை. தெற்குக் கரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மாலை 4.30

கேஸ் தீர்ந்தது. படகு கண்ணுக்குத் தெரியவில்லை. கதவின் மேல் கீல் கழன்றுவிட்டது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: பட்டியலில் பதினேழாவது வரியை அடித்துவிடுங்கள். குக்கர் வேண்டாம். இருந்தால் வெயிட்டைக் கழற்றிக் கடலில் எறியுங்கள். தெற்குக் கரையில் பொன்செல்வி என்று ஒருத்தி, இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அவளிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள். முதலில் அவளிடம்

மாலை 5.25

கதவை இடிப்பது நின்றுவிட்டது.

ஜன்னலில் பார்த்தேன். கண்டக்டர் வாசற்படியில் நிற்கிறார். முகம் கதவுப் பக்கம் இல்லை. அவர், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள், பாதை முழுக்க நிற்பவர்கள், எல்லாரும் தெற்கே திரும்பி நிற்கிறார்கள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. காற்று தெற்கிலிருந்து வீசுகிறது.

இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

நின்று மறுபடி தலையைத் தூக்குகிறார்கள். இரண்டு.

செல்வி, போதும். அணைத்துவிடு.

மூன்று.

இப்போது அணைத்திருப்பாள். என் பேச்சைத் தட்டமாட்டாள்.