மாதா வரும் ஹாலுக்கு லாடி

இயேசு மரி சூசை துணை

செம்பூர்
அக்டோபர் 9

அன்பு மகள் சுஜாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பா, உன் தம்பி ஏஞ்சலோ, அவன் பெண்டாட்டி கிளாரா எல்லாரும் சுகம், எனக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அது நானே தேடிக்கொண்டது, ஏன் என்று கீழே எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ஆல்ட்ரினும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கினால் எனக்கு அது போதும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் உன் தம்பி பிடுங்கிக்கொள்கிறான். ஹாலைக் காட்டு என்று நீ கேட்டபோதெல்லாம் கேமராவை மேலே திருப்பச் சொன்னதும் நான்தான். இதை முதலிலிருந்து என் வாயால் நானே சொல்ல வேண்டும் என்று ஆசை. நம் பழைய சந்துச் சகாயராணி மகன் ஸ்டெர்லின் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் என்னவென்றால் வருகிற பதினெட்டாம் தேதி சனிக்கிழமை நம் வீட்டுக்கு மாதா வருகிறாள். உனக்குத் தெரியாததா, தாராவியில் ஜெபமாலை மாதமான ஒவ்வொரு அக்டோபரிலும் நம் சந்து ஜெபக்குழுவான அன்பியத்துக்காரர்கள் மாதா சுரூபத்தை ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று தூக்கி வருவார்கள், நம் வாசலுக்கு வந்ததும் இங்கே ஆள் கொள்ளாது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கட்டிலை நிமிர்த்தி வைத்தாலும் எட்டுப் பேர் உட்கார முடியாத ரூம். பத்தொன்பது வருஷம் நான் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் முழங்கால் போட்டிருக்கிறேன். இப்போது நம்மோடு நம் சந்துக்காரர்களில் பாதிப் பேர் செம்பூரில் இதே பில்டிங்குக்கு வந்துவிட்டதால் அன்பியத்தில் பழைய ஆட்கள்தான், இருபத்தெட்டுப் பேர். அன்பியத் தலைவர், பதினெட்டாம் தேதி மிக்கேலம்மாள் வீடு என்று என் பெயரை நோட்டில் எழுதியபோது நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

ஆனால் ஹால் வெறும் சிமென்ட் தரையாகக் கிடந்தது. லாடி வாங்க முலுண்டுக்குப் போனோம், நாம் லாடி என்பதைக் கடைக்காரர் டைல்ஸ் என்கிறார். கிளாராவுக்கு முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று ஒரு வெள்ளை லாடி பிடித்துவிட்டது. கூட வந்த சகாயராணி குனிந்து பார்த்துவிட்டு, மயினி இது மேல சேல கட்டிட்டு நின்னா கீழ எல்லாம் தெரியும்லா என்றாள். கிளாரா சிரித்துச் சிரித்து அங்கிருந்த கம்மோடு மேலேயே உட்கார்ந்துவிட்டாள், விற்க வைத்திருந்த கம்மோடு. எனக்கு வேண்டியது முழங்கால் போட்டால் குத்தாத, வழுக்காத தரை. அதனால் பதினோரு லாடியிலும் முழங்கால் போட்டு லாடிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். உன் அப்பா என்னைத் தெரியாதவர் மாதிரி வாஷ்பேசின் பக்கம் போய் நின்றுகொண்டார். பத்தாவது லாடியில் கால் சொன்னது இதுதான் என்று. சந்தன நிறம், மேலே எள்ளுத் தூவின மாதிரி புள்ளி, கொஞ்சம் சொரசொரப்பு. கிளாராவும் முழங்கால் போட்டுப் பார்த்து, பரவாயில்ல அத்தை என்றாள்.

அதோடு முடிந்ததா என்றால் சோபா வந்தது. கிளாராவுக்கு எல் மாதிரி மடங்குகிற சோபா வேண்டும். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, தாராவியில் அவள் ஆபீஸ் பிள்ளைகள் வந்தால் அரிசி டின் மேல்தான் உட்காருவார்கள். ஆனால் அதைப் போட்டால் பாதி ஹால் போய்விடும், இருபத்தெட்டுப் பேர் எங்கே உட்காருவது, மாதா மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போகவா என்று எனக்குக் கோபம். இரண்டு நாள் எங்கள் பேச்சு அப்பா வழியாகத்தான். உப்புப் பத்துமான்னு உங்க மருமகளைக் கேளுங்க என்பேன், பத்தும்னு அத்தைகிட்ட சொல்லுங்க மாமா என்பாள், அவர் பாவம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஆறின சோற்றைத் தின்றார். ஏஞ்சலோ டேப் பிடித்து அடிக்கணக்கு சொன்னான், ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அது என்ன விளங்கும், நான் ஆளை வைத்தே அளந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தனை பேரையும் டீ குடிக்க வரச் சொன்னேன். கிளாரா சோபா வருகிற இடத்தில் எல் மாதிரி பேப்பர் விரித்து ஒட்டி வைத்திருந்தாள், மற்ற தரை எனக்கு. வந்தார்கள் பார், பூசைக்குக் கட்டின பட்டுச்சேலை, சிமென்ட் ஒட்டும் என்று ஒருத்தர் விடாமல் பேப்பர் மேலேயே நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். என் பக்கம் கிரிக்கெட் மைதானம் மாதிரி காலி. கிளாரா என் காதில் வந்து, அத்தை என் சோபா ஹவுஸ்புல் என்றாள். இரண்டு நாள் கோபமெல்லாம் போய் இரண்டு பேரும் சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வெளியே வந்தால் சகாயராணி, தரையில உக்காந்தா என்னைத் தூக்க கிரேன் வரணும், பேசாம சோபாவப் போடுங்க மயினி என்கிறாள். எனக்காகப் பேசுவாள் என்று நான் நம்பியிருந்தவள் அவள்தான். நான் தோற்றுவிட்டேன். ஆனால் எல்லாரும் போன பிறகு கிளாரா என்ன செய்தாள் தெரியுமா, எல்லின் குட்டைக் கையை அவளே கிழித்துச் சுருட்டிவிட்டு, இந்த மூலை மாதாவுக்கு, எனக்கு நீள சோபா போதும் என்றாள். இப்போது நாலு பேருக்கு சோபா, ஆறு நாற்காலி, மிச்சப் பேருக்குத் தரை, தாராளம்.

சுவரில் என்ன மாட்டுவது என்பதிலும் சண்டைதான். அப்பா கம்பெனியில் கொடுத்த கடிகாரத்தை நடுவில் மாட்ட வேண்டும் என்றார், அதற்கு நாள் தவறினாலும் மணி தவறாதாம். நான் விடவில்லை. திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆல்ட்ரின் வரைந்து அனுப்பின கப்பலை பிரேம் போட்டு மாட்டிவிட்டேன். சகாயராணி அதைச் செருப்பு என்கிறாள், அவளுக்குக் கண் ஆபரேஷன் பாக்கி. நாலு வயதில் நாலு மாடிக் கப்பல் வரைகிற பிள்ளை இந்தப் பில்டிங்கில் வேறு யாரும் இல்லை.

லாடி பதிக்கிற இனாயத்துல்லா மிஸ்திரி நேற்றுத்தான் வேலையை முடித்தார். ஒவ்வொரு லாடியையும் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார், உள்ளே பொள்ளலாக இருந்தால் பெயர்த்து மறுபடி வைப்பார், அத்தனை சுத்தம். நாளைக் காலை வரை மிதிக்கக் கூடாதாம், ஓரத்தில் பலகை போட்டுக் கொடுத்திருக்கிறார், நாங்கள் நாலு பேரும் சர்க்கஸ்காரர்கள் மாதிரி அதன் மேல் போய் வருகிறோம். நான் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், அடுப்பில் பால் பொங்கிப் போனது.

ஜன்னல் ஓரத்துக்கு வெட்டினதில் ஒரு முழம் துண்டு மிஞ்சியது, அதைத் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஸ்டெர்லின் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாரும் அல்வா குடுத்து விடுவாங்க அத்தை, நீங்க தரையவே குடுத்து விடுதிய என்றான். பதினெட்டாம் தேதி சாயங்காலம் இங்கே ஆறரைக்கு மாதா வாசல்படி தாண்டுவாள், உங்களுக்கு அப்போது ஐந்து மணி, சனிக்கிழமை லீவுதானே. துண்டைக் கீழே போட்டு மூன்று பேரும் ஆளுக்கு ஒரு காலாவது அதன் மேல் வையுங்கள். தலைவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு நோட்டில் எழுதுவார், உங்கள் மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், நான் பொய் சொன்னவள் ஆகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

உங்கள் மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன், ஆண்டவர் காப்பாற்றட்டும். துண்டின் ஓரம் கூர்மை, பிள்ளை காலில் படாமல் துணி வைத்து ஒட்டு, மறந்துவிடாதே.

அம்மா
ஜோ. மிக்கேலம்மாள்